லீவர் ரைபிள் சில்லவுட் முதல் போட்டி: குண்டு ஏன் தவறியது என்பதை அறிகுறியைக் கொண்டு கண்டறிதல்

எஃகுத் தகட்டில் வெட்டிய விலங்குகளை நின்ற நிலையில் சுட்டுச் சாய்க்கும் சில்லவுட் போட்டி மெக்சிகோவில் பிறந்தது. 1948-இல் அங்கே உயிருள்ள விலங்குகளுக்குப் பதிலாக எஃகுத் தகடுகள் வைக்கப்பட்டன. 1973-இல் அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கம் இந்த விளையாட்டைத் தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது. கோழி, காட்டுப்பன்றி, வான்கோழி, செம்மறிக் கடா என்ற நான்கு உருவங்களை அமெரிக்கர்கள் இன்றும் கயீனா, ஹாவலீனா, குவாஹோலோதே, பொர்ரேகோ என்று ஸ்பானியப் பெயர்களால் அழைப்பதுண்டு. பெரிய ரைபிள்களுக்கான போட்டியில் இவை 200, 300, 385, 500 மீட்டர் தொலைவில் நிற்கும். விசைக்குக் கீழே உள்ள லீவர் வளையத்தை முன்னும் பின்னும் இயக்கித் தோட்டா ஏற்றும், தொலைநோக்கி பொருத்தாத பழைய பாணி லீவர் ரைபிள்களுக்கான போட்டியில், நடுவெடித் தோட்டாப் (அடியின் நடுவில் ஊசி பட்டு வெடிக்கும் தோட்டா) பிரிவுக்கு 50, 100, 150, 200 மீட்டர் என்று வைக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து உருவங்கள் நிற்கும். இடமிருந்து வலமாக, ஒன்றுக்கு ஒரு குண்டு வீதம் சுட வேண்டும். ஒன்று தவறினால் அதற்கு மறு வாய்ப்புக் கிடையாது. சாய்ந்து கீழே விழுந்தால்தான் புள்ளி.

முதல் போட்டிக்குப் போகிறவர் தன் தவறுகளையெல்லாம் "எனக்குக் கை நடுங்குகிறது" என்ற ஒரே காரணத்தில் போட்டுவிடுகிறார். உண்மையில் அவற்றில் பாதி ரைபிளையும், சைட்டையும் (குழல்மீது குறிபார்க்க உதவும் அமைப்பு), வரிசை முறையையும் சேர்ந்தவை. அவற்றை அன்றைக்கே, அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியும். எது யாருடைய தவறு என்று பிரித்தறிய ஒரு பழக்கம் போதும். விசை விடுபட்ட அந்தக் கணத்தில் முன் சைட் எங்கே இருந்தது என்பதை, பக்கத்தில் தொலைநோக்கியுடன் நிற்கும் ஸ்பாட்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "வயிற்றுக்குக் கீழே", "வாலுக்குப் பின்னால்". பிறகு குண்டு உண்மையில் எங்கே போனது என்று அவர் சொல்வார். இரண்டும் ஒன்றானால் பிழை உங்கள் பிடியில் இருக்கிறது. இரண்டும் தொடர்ந்து ஒரே திசையில் வேறுபட்டால் பிழை சைட்டிலோ வெளிச்சத்திலோ காற்றிலோ இருக்கிறது. இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் சைட்டைத் தொடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கீழே உள்ள எல்லாமே இதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

விசையை இழுத்தும் சுத்தி விழவில்லை

முதல் முறை வருபவர்களைத் திடுக்கிட வைப்பது இதுதான். தீர்வும் மிக எளிது. வின்செஸ்டர் 94, மார்லின் 336 போன்ற ரைபிள்களில் லீவர் முழுமையாக மூடி, கையின் அழுத்தத்தால் கட்டையோடு ஒட்டியிருந்தால்தான் விசை விடுபடும். லீவருக்கும் கட்டைக்கும் இடையே ஒரு நெல்மணி அளவு இடைவெளி இருந்தாலும் விசை கல்லைப் போல நிற்கும். நின்றபடி சுடும்போது, நடுக்கத்தைக் குறைப்பதாக எண்ணிப் பலர் வலக்கைப் பிடியைத் தளர்த்துகிறார்கள், லீவரும் தளர்ந்துவிடுகிறது. நடு, மோதிர, சுண்டு விரல்கள் மூன்றும் லீவர் வளையத்தை ஒரே அளவில் அழுத்திக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக இயங்கப் பழக வேண்டும். விசை நகராதபோது இன்னும் பலமாக இழுக்காதீர்கள். அந்தப் பலத்தில் லீவர் திடீரென்று மூடிக்கொண்டால் குண்டு நீங்கள் நினையாத இடத்துக்குப் போகும். விரலை வெளியே எடுத்து, லீவரை அழுத்தி, மறுபடி குறிபாருங்கள்.

சுத்தி விழுந்தது, தோட்டா வெடிக்கவில்லை

குழல் தகடுகளின் திசையிலேயே இருக்கட்டும். முப்பது விநாடி எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா மிக அரிது; ஆனால் அந்த அரிய ஒன்று, லீவரைத் திறந்து முகத்துக்கு அருகில் வைத்திருக்கும்போது வெடிக்கக் கூடாது. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்துக்கு இங்கே இடம் கொடுக்க வேண்டாம். கையை உயர்த்திக் களப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்வார்.

காத்திருந்த பிறகு முதலில் பார்க்க வேண்டியது குறுக்குப் பொத்தான் பாதுகாப்பு. 1980-களிலிருந்து வந்த மார்லின்களிலும், பின்னாளைய வின்செஸ்டர்கள் சிலவற்றிலும் ரிசீவரின் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடு உலோகக் கூடு) பின்பகுதியில் இந்தச் சிறு பொத்தான் உண்டு. அது தடுப்பு நிலையில் இருந்தால் சுத்தி "டக்" என்று விழும். ஆனால் வெடி ஊசியைத் தொடாது. உறையிலிருந்து எடுக்கும்போது தற்செயலாக அழுந்திவிடுவது வழக்கம். பொத்தான் சரியாக இருக்கிறது என்றால், வெளியே எடுத்த தோட்டாவின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஊசி பதிந்த குழி ஆழமாக இருந்தால் தோட்டாவில் குறை. மேலோட்டமாக ஒரு புள்ளி மட்டும் இருந்தால் சுத்தியின் வில்லிலோ, உள்ளே இறுகிய பழைய எண்ணெயிலோ குறை. கையால் நிரப்பிய தோட்டாக்களில் பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பற்றும் சிறு மூடி) விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலும் முதல் அடி வீணாகும். முந்தின நாள் இரவே ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டால் இது பெரும்பாலும் நேராது.

லீவர் பாதியில் நின்றுவிட்டது, அல்லது அறை காலியாக இருந்தது

அறை என்பது குழலின் பின்முனையில், சுடப்போகும் தோட்டா இருக்கும் இடம். அது காலியாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கைதான். லீவரை முன்னால் கடைசி வரை தள்ளாமல் திரும்ப இழுத்தால், பழைய உறை வெளியே போயிருக்கும். ஆனால் புதிய தோட்டா தூக்கியில் (தோட்டாவை அறைக்கு நேராக உயர்த்தும் பாகம்) ஏறியிருக்காது. லீவரை மென்மையாக நடத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வரும் தவறு இது. இந்த இயந்திரம் உறுதியான, முழு வீச்சான இயக்கத்துக்கென்று செய்யப்பட்டது. ரைபிளைத் தோளிலிருந்து சற்றே இறக்கி, குழலைத் தகடுகளை நோக்கி வைத்தபடி, முன்னால் முட்டும் வரை தள்ளி, பின்னால் முட்டும் வரை இழுங்கள்.

உண்மையாகவே சிக்கிக்கொண்டால் அது வேறு கதை. நெடுங்காலம் புழங்கிய மார்லின்களில், லீவரின் விளிம்பு தூக்கியின் அடியைச் சிறிது சிறிதாக அரித்துவிடுவதால் இரண்டாவது தோட்டா தூக்கிக்கு அடியில் நழுவி, எல்லாம் பூட்டிக்கொள்ளும். சுடுபவர்கள் இதை "மார்லின் ஜாம்" என்றே சொல்கிறார்கள். பலம் கொடுத்தால் தோட்டா நசுங்கும். களப் பொறுப்பாளர் அருகில் இருக்க, குழல் திசை மாறாமல், லீவர் திருகைக் கழற்றி லீவரையும் போல்ட்டையும் (அறையின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) வெளியே எடுத்துத்தான் அதை விடுவிக்க முடியும். இதற்கு முன் செய்து பழகாதவர் அந்தச் சுற்றை விட்டுவிடுவதே நல்லது. தூக்கியைச் சரிசெய்வது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

தோட்டா ஏற்றும்போதே விரல் மாட்டிக்கொள்கிறது என்றால் ஒரு சிறு உத்தி உண்டு. பக்கவாட்டுக் கதவு வழியே தோட்டாவை முழுதாக உள்ளே தள்ளாமல், அதன் அடி விளிம்பு கதவைச் சற்றே திறந்து பிடித்திருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளுங்கள். கடைசித் தோட்டாவை மட்டும் கட்டைவிரலால் முழுதாக அழுத்தினால் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும் குழாய் மேகசினில் ஒரு குண்டின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே தட்டை மூக்குக் குண்டுகளையோ, இதற்கென்றே செய்த இளகிய முனைக் குண்டுகளையோ தவிர, கூர்மையான கடின முனைக் குண்டுகளை அதில் போடவே கூடாது.

கோழி விழுந்தது, பன்றி விழுந்தது. வான்கோழிக்கும் கடாவுக்கும் குண்டு கீழே போகிறது

இது சுடும் திறனைப் பற்றிய குறையே அன்று. வீட்டில் செய்யாமல் விட்ட கணக்கு. நூறாண்டுக்கும் மேலாக லீவர் ரைபிள்களில் புழங்கும் .30-30 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 170 கிரெயின் (ஏறத்தாழ 11 கிராம்) குண்டுக்கு 100 மீட்டரில் சைட்டைச் சரியாக வைத்தால், 50 மீட்டரில் அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே போகும்; 150 மீட்டரில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் இறங்கும்; 200 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருக்கும். முதல் இரண்டு விலங்குகளை ஒரே சைட் நிலையில் சுட்டுவிடலாம் என்பதால், மூன்றாவதையும் அப்படியே சுடலாம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

நான்கு தொலைவுக்கும் நான்கு தனி நிலைகளைப் போட்டிக்கு முன்பே கண்டுபிடித்து எழுதிவைப்பதுதான் முறையான தீர்வு. ரிசீவரிலோ பின்கழுத்திலோ பொருத்திய துளை சைட் என்றால், அதன் அளவுகோல் கோடுகளைக் குறித்துக்கொள்ளலாம். குழல்மீது படிக்கட்டுத் தகட்டோடு வரும் தொழிற்சாலைச் சைட் என்றால், எந்தப் படி எந்த விலங்குக்கு என்று ஒரு சிறு காகிதத்தில் எழுதி ரைபிள் கட்டையில் ஒட்டிவிடுங்கள். படி ஒன்றுக்கு எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: குண்டு எவ்வளவு நகர வேண்டுமோ அதை இரு சைட்டுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தால் பெருக்கி, தொலைவால் வகுக்க வேண்டும். சைட்டுகளுக்கு இடையே 43 சென்டிமீட்டர் உள்ள ஒரு குட்டை ரைபிளில், 100 மீட்டரில் குண்டை 10 சென்டிமீட்டர் உயர்த்த பின் சைட்டை 0.43 மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும். நகத்தின் கனம்கூட இல்லாத அளவு அது. ஆகவே களத்தில் சுத்தியலால் தட்டிச் சைட்டை நகர்த்துகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது.

பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே குண்டும் நகரும். முன் சைட்டை நகர்த்தினால் எதிர்ப்பக்கம் நகரும். அவசரத்தில் மாறிப்போவது இந்த இடத்தில்தான்.

சொன்ன இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் ஒரே திசையில் வேறுபாடு

மூன்று காரணங்களை இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலாவது, சைட் நகர்ந்திருக்கிறதா? முன், பின் சைட்டுகள் குழலில் வெட்டிய பள்ளத்தில் செருகப்பட்டவை. பயணத்தில் ஏதாவது இடித்தால் வழுக்கிவிடும். சரியாக வைத்த நாளிலேயே சைட்டுக்கும் குழலுக்கும் குறுக்கே ஊசிமுனையால் மெல்லிய கோடு ஒன்று போட்டிருந்தால், கோடு ஒடிந்து நிற்பதைக் கொண்டு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வெளிச்சம். முன் சைட்டின் முனையில் பளபளக்கும் மணி இருந்தால், வெயில் இடப்பக்கமிருந்து வரும்போது அதன் இடப்பாதி மட்டும் மின்னும். கண் அந்த மின்னும் பாதியையே முழு மணியாக எடுத்துக்கொண்டு நடுவில் வைக்கும். குண்டு வலப்பக்கம் போகும். காலையில் சரியாகச் சுட்ட ரைபிள் பிற்பகலில் ஒரு பக்கமாகச் சுட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தீக்குச்சியைக் கொளுத்தி அதன் புகையில் மணியைக் கரியேற்றிவிட்டால் மினுக்கம் போய்விடும். தோட்டாக்களிலிருந்து விலகி நின்று இதைச் செய்யுங்கள். இதற்கென்றே விற்கும் கருப்புப் பூச்சும் உண்டு.

மூன்றாவதுதான் காற்று. தட்டை மூக்குக் குண்டு காற்றுக்கு எளிதில் வளைந்துகொடுக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 200 மீட்டரில் .30-30 குண்டை ஏறத்தாழ ஒரு சாண் தள்ளிவிடும். கடாவின் உடலில் அந்த அளவு இடம் இருக்கிறது. வான்கோழியின் குறுகிய உடலில் இல்லை. புல் அசைவதையும், வெயிலில் தரைக்கு மேல் கானல் சாயும் திசையையும் பார்த்து, காற்று வரும் பக்கமாகக் குறியைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். முதல் போட்டியில் காற்றுக்காகச் சைட்டைத் திருப்ப வேண்டாம். திருப்பியதை மீட்க மறந்துவிடுவோம்.

ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போகிறது

சொன்ன இடத்திலேயே குண்டு விழுந்து, சொன்ன இடமே ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால், பிடி நிலைக்கவில்லை என்று பொருள். இங்கேதான் சில்லவுட்டின் உயிர் இருக்கிறது. ஸ்லிங் வாரின் தாங்கலோ, விறைப்பான சுடும் சட்டையோ இல்லாமல், இரண்டு கால்களில் நின்றபடி எவராலும் ரைபிளை அசையாமல் வைத்திருக்க முடியாது. முன் சைட் உலவிக்கொண்டேதான் இருக்கும். தேர்ந்தவருக்கு அந்த உலாவல் சிறியது, புதியவருக்குப் பெரியது, வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே அசைவை நிறுத்த முயலாமல் அதன் நடுவைச் சரிசெய்யுங்கள். ரைபிளைத் தூக்கி, கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்தால் சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உடல் தானாக நோக்கும் திசை. அது தகட்டுக்கு இடப்பக்கமாக இருந்தால் கையால் இழுத்துக்கொண்டு வராதீர்கள். பின்காலைச் சற்று நகர்த்தி, உடல் முழுவதையும் திருப்புங்கள். அடுத்த தகட்டுக்குப் போகும்போதும் இப்படியே. இடது முழங்கை விலாவில் சாய்ந்திருக்கட்டும். முன்கட்டையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தாங்குங்கள், ஏனென்றால் குழாய் மேகசினும் வளையங்களும் குழலோடு கட்டப்பட்ட இந்த ரைபிள்களில் தாங்கும் இடம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குழல் சூடேறச் சூடேறக் குண்டுகள் மெல்ல மேலேறுவதும் இந்தக் கட்டினால்தான். இரண்டு சுற்றுகளுக்கு இடையே லீவரைத் திறந்து வைத்து, ரைபிளை நிழலில் ஆறவிடுங்கள்.

முதலில் சொன்ன ஒப்பீட்டுக்கு ஒரு விலக்கு உண்டு: சொன்ன இடம் சரியாக இருந்தும், வலக்கைக்காரர் ஒருவரின் குண்டுகள் அடிக்கடி கீழே வலப்பக்கம் போனால், விசையை வெடுக்கென்று இழுக்கிறார் என்று வையுங்கள். சைட் தகட்டைக் கடக்கும் கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆவல் விரலை அவசரப்படுத்துகிறது. என் முதல் போட்டியில் கடாக்களின் காலடியில் மண் பறந்துகொண்டே இருந்தது. சைட்டைத்தான் நான் குறை கூறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், அடுத்த பயிற்சி நாளில், எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கிடையே ஒரு போலித் தோட்டாவை ஏற்றிக் கொடுத்தார். சுத்தி விழுந்தது, ஓசை இல்லை, குழல்முனை மட்டும் தரையை நோக்கி ஒரு கை அளவு குனிந்தது. அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பயிற்சியை ஒரு நண்பரோடு செய்யுங்கள். வீட்டில் போலித் தோட்டாவை வைத்து, சுவரில் ஒட்டிய சிறு கோழிப் படத்தை நோக்கி நாளுக்குப் பத்து நிமிடம் வெறும் விசை இழுத்தால், பெட்டி பெட்டியாகத் தோட்டா சுடுவதைவிட அதிகப் பலன் கிடைக்கும். வீட்டில் நீங்கள் பயிற்சி செய்யும் அந்த இடத்தில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. .22 ரைபிளை மட்டும் அதன் தோட்டா அறை வெறுமையாக இருக்கும்போது இப்படி இயக்காதீர்கள்; பலவற்றில் ஊசி குழல் விளிம்பில் மோதும்.

எட்டு விநாடிக்குள் விசை விடுபடவில்லை என்றால் ரைபிளை இறக்கி, ஒரு மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றுங்கள். இறக்குவது தோல்வி என்று எண்ணுகிறவர்கள்தான் மங்கிய கண்ணோடு, நடுங்கும் கையோடு பத்தாவது விநாடியில் சுடுகிறார்கள்.

மணி தகட்டையே மறைத்துவிடுகிறது

1.6 மில்லிமீட்டர் அகலமுள்ள முன் சைட் மணி, கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 200 மீட்டரில் 40 சென்டிமீட்டரை மறைக்கும். தடித்த மணியோ இன்னும் கூடுதலாக மறைக்கும். நடுவில் வைத்துச் சுடுவதை விட்டு, மணியின் உச்சி வயிற்றுக் கோட்டைத் தொடும்படி பிடித்து, அதற்கேற்பப் பின் சைட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். மெல்லிய, தட்டை உச்சியுள்ள முன் சைட்டை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

"டங்" என்று கேட்டது, தகடு விழவில்லை

கேட்ட ஓசைக்குப் புள்ளி இல்லை. தகடு திரும்பி நின்றாலும் புள்ளி இல்லை. காலில் பட்ட குண்டு கடாவைத் தள்ளாது. முதுகுக் கோட்டுக்கு அருகில் பட்டதுதான் எளிதில் கவிழ்க்கும். கதவின் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. ஆகவே கடாவுக்கு உடலின் மேல்பாதியைக் குறிபார்த்து, கனமான குண்டைப் பயன்படுத்துங்கள். நல்ல இடத்தில் பட்டும் நின்றது என்று ஸ்பாட்டர் உறுதியாகச் சொன்னால், தகடு தாங்கியில் சரியாக வைக்கப்படவில்லையோ என்று களப் பொறுப்பாளரிடம் மரியாதையோடு கேட்கலாம்.

நன்றாகச் சுட்டும் புள்ளி குறைகிறது

வரிசை மாறியிருக்கும். முதல் தகட்டைத் தவறவிட்டவர், அதையே மறுபடி சுடுவார். அல்லது குண்டு பக்கத்துத் தகட்டைச் சாய்க்கும், அதன் முறை வரும்போது அது அங்கே இராது. ஒரு தவறு இரண்டு புள்ளி இழப்பாகிவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் "மூன்றாவது பன்றி" என்று ஸ்பாட்டர் சொல்ல, நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். பக்கத்தில் சுடுபவரின் வரிசையைச் சுடுவதும் புதியவர்களுக்கு நேர்வதே. முதல் தகட்டுக்கு முன்னால் உங்கள் நிலையின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் போதவில்லை என்றால் பெரும்பாலும் முதல் தகட்டிலேயே அது செலவாகியிருக்கும். அரை நிமிடத்துக்கு மேல் ஒரு தகட்டில் நிற்க வேண்டாம்.

ஐந்து ஏற்றி, நான்குதான் வெடித்தன

சுற்று முடிந்து, லீவரைத் திறந்து, அறையையும் தூக்கியையும் கண்ணாலும் சுண்டு விரலாலும் சோதித்து, ரைபிளைக் கீழே வைத்து, மற்றவர்கள் அனைவரும் முடித்ததாக அறிவிப்பு வந்த பிறகு, காலடியில் பாருங்கள். வெற்று உறைகளுக்கிடையே வெடிக்காத தோட்டா ஒன்று கிடந்தால், பதற்றத்தில் லீவரை இரண்டு முறை அடித்திருக்கலாம். அதன் அடியில் ஊசி பட்ட தழும்பு இருந்தால் தோட்டாவையோ சுத்தி வில்லையோ பாருங்கள். தழும்பே இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு லீவரை மூடியதும் "ஏறிவிட்டது" என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். காலடியில் எதுவுமே இல்லை, எண்ணிக்கையும் குறைகிறது என்றால், ஒன்று இன்னும் மேகசினில் இருக்கலாம். ரைபிளை அந்த இடத்தைவிட்டு எடுக்காமல், களப் பொறுப்பாளரை அழைத்து அவர் முன்னிலையில் திறந்து காட்டுங்கள்.